மூன்றாம் இடம்

சோஃபியாவில் கடைசி டிராம் ஓட்டுகிறேன்.
பதினோரு மணிக்கு ஏறும் இரண்டு குடிகாரர்களுக்கு
தினமும் ஒரே வழக்கு:
ஒக்னியான் பெரியவனா, லாச்செசார் பெரியவனா?
முதலில் பதக்கங்கள்.
ஒருவனுக்கு ஐரோப்பிய வெள்ளி இரண்டு,
மற்றவனுக்கு உலகத் தங்கம் ஒன்று.
பிறகு அதே குரலில், அதே விரல்களை மடக்கி
எரிந்த கார்கள், நொறுங்கிய கடைகள்,
யார் எத்தனை வருஷம் உள்ளே இருந்தான்,
யார் சவத்துக்குப் பின்னால்
எத்தனை கறுப்பு மெர்சிடிஸ் வந்தது.

நான் திரும்புவதில்லை.
ஓட்டுநரோடு பேசாதீர் என்று பலகை தொங்குகிறது.
அது எனக்கும்தான்.

பேசினால் சொல்வேன்:
இருவர் வியர்வையும் எனக்குத் தெரியும்.
ஒக்னியானுடையது பூண்டு.
லாச்செசாருடையது, சிரிக்காதீர்கள், பால்.
பெர்னிக் சுரங்க ஊரில்
கூரை ஒழுகும் மல்யுத்தக் கூடத்தில்
ஒன்பது வருஷம்
அவர்களுக்கு அடியில் கிடந்தவன் நான்.

தோளைக் கொஞ்சம் அதிகம் திருகிவிட்டால்
லாச்செசார் காதருகே குனிந்து கேட்பான்:
"வலிக்குதா?"
ஒக்னியான், நடுவர் பாராத பக்கம்
என் சுண்டுவிரலைப் பின்னால் ஒடிப்பான்.
இடைவேளையில் அந்த நடுவருக்கே
தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான்.

எண்பத்தொன்பதில் அரசாங்கம் விழுந்தது.
கூடத்துக்கு வந்த இறைச்சி நின்றது.
பயிற்சியாளர் ஸ்தோய்மென் எங்கள் விரிப்பை வெட்டித்
தன் கோழிக்கொட்டகைக்குக் கூரை போட்டார்.
நூறு கிலோ உடம்புக்கு
நாளைக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று
எந்தப் புரட்சியும் கணக்குப் போட்டதில்லை.

பிறகுதான் அவர்கள் கம்பெனி. காப்பீட்டுக் கம்பெனி.
நீல ஸ்டிக்கர், நடுவில் ஒரு கரடி.
கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால்
கடை எரியாது.
கணக்கு ஒக்னியானுடையது, கை லாச்செசாருடையது.

விரிப்பில் எப்படியோ வெளியிலும் அப்படியே என்று
பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.
இல்லை ஐயா.
விரல் ஒடித்தவன் அதற்குப் பிறகு
ஒருவரையும் தொடவே இல்லை.
கையெழுத்து மட்டும் போட்டான், அழகான கையெழுத்து.
வலிக்குதா என்று கேட்டவன்தான்
பாலத்தடி நிறுத்தத்து ரொட்டிக்கடைக்குத் தீ வைத்தான்.
உள்ளே மாவு மூட்டைகள் மேல்
கடைக்காரரின் மைத்துனன் தூங்கிக்கொண்டிருந்தான்.
என் கட்சிக்காரருக்குத் தெரியாது என்றார் வக்கீல்.
சில இரவுகளில் நினைப்பேன்,
கதவுக்கு வெளியே நின்று
பழக்க தோஷத்தில் கேட்டிருப்பானோ?

மறுநாள் காலை
அந்தத் தெரு முழுக்க நீல ஸ்டிக்கர்.

என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்:
என்னையும் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றேன்.
அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதி
நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

கூப்பிடவில்லை.

தொண்ணூற்றிரண்டின் குளிர்காலம் முழுவதும்
ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு
தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்தவனை
எதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை.
மார்ச்சில் டிராம் வேலைக்கு மனுப் போட்டேன்.

நேற்று கடைசி இருக்கையில் ஒரு பையன் புகைத்தான்.
வண்டியை நிறுத்தி எழுந்துபோனேன்.
வாய் திறக்கவில்லை.
அவன் என் காதைப் பார்த்தான்.
விரிப்பில் நசுங்கி நசுங்கி
காலிஃபிளவர் போல் முடிச்சு விழுந்த காது.
அவர்களுக்கும் இதே காதுதான்,
செய்தித்தாள் படங்களில் பார்த்திருப்பான்.
சிகரெட்டைத் தன் உள்ளங்கையிலேயே அணைத்தான்.
குடிகாரர்கள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

வலிக்குதா என்று கேட்க நாக்கு வரை வந்தது.
கேட்கவில்லை.
திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.
பாலத்தடி நிறுத்தத்தில் செருப்புக்கடைக் கண்ணாடியில்
சுரண்டியும் போகாத நீலத் துண்டு,
கரடியின் ஒரு பாதம்.
உடம்பெல்லாம் கதகதப்பாக இருந்தது எனக்கு,
ஜெயித்துவிட்டு இறங்கியது போல.